வன்பொருள் முகவரியும் கோலார் தங்கவயலின் கைரேகையும்

கணினிப் பிணைய அட்டையின் வன்பொருள் முகவரியை ஒரு நிரலுக்குள்ளிருந்து எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி, ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர் குழுக்களால் சலிப்பின்றிக் கேட்கப்படுகிறது. வருகைப் பதிவுச் செயலி எழுதுபவர் கேட்கிறார். இணையவழித் தேர்வுக்கு மென்பொருள் செய்பவர் கேட்கிறார். ஆய்வுக்கூடத்து மென்பொருளை ஒரே கணினியோடு கட்டிப்போட விரும்புபவரும் கேட்கிறார். கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் எல்லாம் ‘எப்படி’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த எண் எதைச் சுட்டுகிறது என்று கேட்பார் அரிது. இது பொறியியல் வினா மட்டுமன்று, பொருண்மையியல் வினாவும் ஆகும். இதே வினாவுக்காகத்தான் 1930ஆம் ஆண்டு கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். மிகையன்று என்பதைக் காட்டுவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் ‘எப்படி’ என்பதை முடித்துவிடலாம். லினக்ஸில் ஒவ்வொரு பிணைய இடைமுகத்துக்கும் ஓர் அடைவு இருக்கும். அதனுள் ‘முகவரி’ என்ற பொருள்படும் கோப்பைத் திறந்து ஒரு வரி படித்தால் போதும். அதற்கு முந்தைய வழக்கம், ஒரு சாக்கெட்டைத் திறந்து, அதன்வழியே கர்னலிடம் இன்ன இடைமுகத்தின் முகவரியைத் தா என்று கேட்பது. விண்டோஸில் அதற்கென ஒரு செயற்கூறு உண்டு. அது அட்டைகளின் பட்டியலையே தரும். ஜாவா மொழியில் 2006இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து நேரடியாகவே கேட்கலாம். பைத்தானில் ஒற்றைச் சொல். உலாவிக்குள் ஓடும் நிரலுக்கு மட்டும் இந்தக் கதவு திறக்காது. வலைத்தளத்தை நடத்தும் சேவையகத்துக்கும் இது எட்டாது. ஏனெனில் இம்முகவரி முதல் ரவுட்டரைத் தாண்டிச் செல்வதில்லை. ஒவ்வொரு தாவலிலும் உறை மாற்றப்படும் கடிதத்தைப் போல, உள்ளே இருக்கும் ஐபி முகவரி செல்லும், வெளியே எழுதிய வன்பொருள் முகவரி அங்கங்கே உதிரும்.

சிக்கல் விடை கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. நிரல் கேட்பது ஒரு முகவரி. கணினி தருவதோ ஐந்தாறு. கம்பிவழி இணைப்புக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, மெய்நிகர் எந்திரங்களுக்கான பாலங்களுக்குத் தனித்தனியே, தன்னிடமே பேசிக்கொள்ளும் இடைமுகத்துக்கு வெறும் பூச்சியங்கள். யூஎஸ்பியில் ஓர் இணைப்பானைச் செருகினால் இன்னொன்று கூடும், பிடுங்கினால் குறையும். பட்டியலின் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு ‘இதுவே இக்கணினி’ என்று எழுதிவிடும் நிரல், மறுநாள் காலை பட்டியலின் வரிசை மாறினால் அதே கணினியை அந்நியன் என்று விரட்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் உரிமம் செல்லாது என்று மென்பொருள் கைவிரித்த கதைகள் பலவற்றுக்கும் அடியில் இப்படிப்பட்ட ஒரு வரிதான் கிடக்கும்.

பைத்தான் மொழியின் நூலகம் இவ்விடத்தில் செய்வது நினைத்துப் பார்க்கத்தக்கது. அது தனக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் முகவரியைத் தேடும். ஒன்றும் கிட்டாவிட்டால் நாற்பத்தெட்டு பிட் நீளமுள்ள ஒரு சீரற்ற எண்ணைத் தானே உண்டாக்கித் தரும். ஆனால் அவ்வெண்ணில் ஒரு குறிப்பிட்ட பிட்டை ஏற்றி வைத்துவிடும். மெய்யான எந்த அட்டையின் முகவரியிலும் அந்த பிட் ஏறியிருக்காது. அதாவது பொய் சொல்ல நேர்ந்தால், இது பொய் என்ற முத்திரையைப் பொய்யின்மேலேயே குத்திவிடுகிறது. வாங்கிக்கொள்ளும் நிரலர்களுள் எத்தனை பேர் அந்த முத்திரையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்பது வேறு செய்தி.

முகவரி என்ற சொல்லே இங்கு பொருந்தாது. முகவரி என்பது இருக்கும் இடத்தைச் சொல்வது. வீடு மாறினால் மாறுவது. இந்த எண்ணோ, கணினி கோலாரிலிருந்து கொழும்புக்குப் போனாலும் மாறாது. எனவே இது பெயர். நன்னூல் வழியில் சொன்னால், இதன் முற்பாதி காரணப்பெயர், பிற்பாதி இடுகுறிப்பெயர். ஆறு பைட்டுகளுள் முதல் மூன்றும் ஐட்ரிபிள்இ என்னும் பொறியாளர் அமைப்பு உற்பத்தியாளருக்கு ஒதுக்கித் தருபவை. அவற்றைக் கொண்டு அட்டையைச் செய்தவர் யார் என்று சொல்லிவிடலாம். பின் மூன்றும் ஆலையில் வரிசையாகக் குத்தப்படுபவை. அவற்றுக்கு வேறு காரணம் இல்லை. முதல் பைட்டில் இன்னொரு பிட் உண்டு. அது ஏறியிருந்தால், ‘இப்பெயர் ஆலையில் இட்டதன்று, இருக்குமிடத்தில் இட்டுக்கொண்டது’ என்று பொருள். வீட்டுப்பெயரும் பள்ளிப்பெயரும் வேறாக இருப்பதை இவ்வடிவமைப்பு தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இனி ஆகுபெயர். தமிழிலக்கணம் ஆகுபெயரை ஒரு படியோடு நிறுத்தவில்லை. கார் என்ற சொல் கருமையைக் குறித்து, கருமையால் மேகத்துக்கு ஆகி, மேகத்தால் பருவத்துக்கு ஆகி, பருவத்தால் அப்பருவத்துப் பயிருக்கு ஆகிவருவதை மும்மடியாகுபெயர் என்று உரையாசிரியர்கள் பெயரிட்டுக் காட்டினார்கள். வன்பொருள் முகவரியின் இன்றைய பயன்பாடும் மிகச்சரியாக மும்மடியாகுபெயரே. அது அட்டையின் பெயர். அட்டையிலிருந்து கணினிக்கு ஆகிறது. கணினியிலிருந்து அதை உடையவருக்கு ஆகிறது. உடையவரிலிருந்து, அந்நேரத்தில் அதில் அமர்ந்து ஒன்றைச் செய்தவருக்கு ஆகிறது. கார் அறுத்தான் என்னும்போது ஒவ்வொரு படியும் உறுதியானது. மழைக்காலமும் மேகமும் பிரியமாட்டா. அட்டை, கணினி, உடையவர், செய்தவர் என்ற வரிசையிலோ ஒவ்வொரு படியும் அறுபடக்கூடியது. அட்டையைக் கழற்றலாம், கணினியை விற்கலாம், விடுதி அறையில் ஒரே மடிக்கணினியை மூவர் பயன்படுத்தலாம். பின்னர் ஒரு தண்டனை அறிக்கையில் இம்மூன்று படிகளும் ஒரே மூச்சில் தாண்டப்பட்டு, ‘இன்ன முகவரியிலிருந்து செய்யப்பட்டது, ஆகவே இன்னார் செய்தார்’ என்று எழுதப்படுகிறது.

இங்கேதான் கோலார் தங்கவயல் வருகிறது.

1880களில் தொடங்கி லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் பல சுரங்கக் கம்பெனிகள் அங்கே இயங்கின. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியன அவற்றுள் பெரியவை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறியோரே தொழிலாளர்களுள் பெரும்பாலோர். அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள். மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தும், பேச்சால் அது தமிழ் ஊர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது தொழிலாளர் வீடுகளுக்காக அன்று, சுரங்கத்துக்காக. தங்கம் களவு போவதைத் தடுப்பதற்கென்றே சமஸ்தானத்தில் தனிச் சட்டம் இருந்தது. ஆகவே கம்பெனியின் கண்ணில் தொழிலாளி இருமடங்கு ஐயத்துக்குரியவன்: உழைக்காமல் ஏய்ப்பவனாகவோ, உழைத்ததைத் திருடுபவனாகவோ இருக்கக்கூடியவன்.

1930இல் தொழிலாளர் பதிவுமுறை ஒன்று அங்கே புகுத்தப்பட்டது. ஒவ்வொருவரும் தம் கைரேகையைத் தரவேண்டும் என்பது அதன் பகுதி. தொழிலாளர்கள் மறுத்தார்கள், வேலைநிறுத்தம் தொடங்கியது. சட்டப்படி ஏற்கப்பட்ட தொழிற்சங்கம் எதுவும் மைசூரில் இல்லாத காலம் அது. ஜானகி நாயர் 1990இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதிய கட்டுரையிலும், 1998இல் வெளிவந்த சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றிய நூலிலும் இவ்வேலைநிறுத்தத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தமிழ்ச் சூழலில் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுமளவு இதைப் பற்றிப் பேசுவதில்லை. கூலி உயர்வுக்காக அல்லாமல் தம்மை அடையாளப்படுத்தும் முறைக்கு எதிராக எழுந்த போராட்டம் என்பதால், எந்த வாய்பாட்டுக்குள்ளும் இது எளிதில் அடங்காமற் போயிருக்கக்கூடும்.

கைரேகைப் பதிவேடு ஒரு கம்பெனிக்கு என்ன செய்து தரும் என்று எண்ணிப் பார்த்தால், எதிர்ப்பின் தருக்கம் விளங்கும். பெயர்களாலான பதிவேட்டில் தொழிலாளிக்குச் சிறிது இடம் இருந்தது. முனுசாமி என்ற பெயரில் நூறு பேர் இருப்பார்கள். அப்பன் பெயர், ஊர்ப்பெயர், மேஸ்திரியின் பெயர் என ஒட்டுச்சேர்த்துத்தான் ஒருவரைப் பிரித்தறிய முடியும். ஆங்கிலேய எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர், அடுத்த ஏட்டில் வேறாக இருக்கும். ஒரு சுரங்கத்தில் வேலையிழந்தவர் அடுத்த சுரங்கத்தில் புதியவராகச் சேரலாம். கைரேகை அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. உடலோடு பிறந்த ஒரு குறி, அவர் இட்டுக்கொள்ளாத ஒரு பெயர், அவர் படிக்க முடியாத ஏட்டில், அவரைப் பின்தொடரும். மேலும் 1930இல் கைரேகை என்ற சொல்லுக்குக் காவல்நிலையத்தின் வாடை இருந்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் அமைந்தது குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காக. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை எடுக்கப்பட்ட சமூகங்கள் தங்கவயலைச் சுற்றியிருந்த மாவட்டங்களிலும் வாழ்ந்தன. தொழிலாளியிடம் கைரேகை கேட்பது, குற்றம் செய்வதற்கு முன்பே அவரைக் குற்றப் பதிவேட்டில் ஏற்றுவதைப் போன்றது.

கோலாருக்கு ஒரு முன்னோடியும் உண்டு. அதிலும் தமிழர் மிகுதி. 1906இல் திரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் கைரேகையோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற அவசரச் சட்டம் வந்தபோது காந்தி எதிர்த்தார். பத்து விரல்களின் ரேகையும் குற்றவாளிகளிடமிருந்து மட்டுமே சட்டப்படி பெறப்படுகிறது என்பது அவர் படித்தறிந்து முன்வைத்த வாதங்களுள் ஒன்று. ஆனால் 1908 தொடக்கத்தில், கட்டாயம் நீங்கினால் தாமே விரும்பிப் பதிவு செய்துகொள்வதாக ஓர் உடன்பாட்டுக்கு அவர் வந்தார். அதனால் சினமுற்ற மீர் ஆலம் அவரைத் தாக்கினார். காக்க முன்வந்த தம்பி நாயுடுவும் அடிபட்டார். உடன்பாடு முறிந்தபின் அவ்வாண்டு ஆகஸ்டில் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. ரேகை அதே ரேகை, விரல் அதே விரல். கட்டாயமா விருப்பமா என்பதில் மட்டுமே வேறுபாடு. அவ்வேறுபாடு போதுமானது என்று காந்தி கருதினார், போதாது என்று மீர் ஆலம் கருதினார். இன்றைக்குச் செயலி நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துபவர், காந்தியின் பக்கமா மீர் ஆலத்தின் பக்கமா என்பதை எண்ணிப் பார்ப்பதற்குள் அடுத்த திரை வந்துவிடுகிறது.

எண் என்றாலே ஒடுக்குமுறை என்று முடிவுகட்டுவதும் சோம்பலே. சுரங்கத் தொழிலில் உலகெங்கும் பழகிய டோக்கன் முறையை எடுத்துக்கொள்ளலாம். கீழே இறங்குபவரின் எண் பொறித்த உலோகத் தகடு மேலே பலகையில் தொங்கும். ஏறி வந்தபின் அது இடம் மாறும். பாறை வெடித்துச் சரியும்போது, பலகையைப் பார்த்தால் இன்னும் கீழே இருப்பவர் யார் யார் என்று தெரியும். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை சென்ற சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கத்தில், பாறைவெடிப்பு அடிக்கடி நிகழ்ந்த ஊரில், அவ்வெண் உயிரின் கணக்கு. தகடும் ரேகையும் அடையாளங்களே. தகடு ஒரு பணிநேரத்துக்கு உரியது. வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ‘இவர் இன்னும் ஏறிவரவில்லை’ என்ற ஒன்றைத் தவிர எதையும் சொல்லாது. ரேகையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடையாளம் எதற்குப் பயன்படுகிறது, எவ்வளவு காலம் ஒட்டியிருக்கிறது, யாருக்கு அதைக் கழற்றும் உரிமை உண்டு என்ற மூன்றிலும் இவை எதிரெதிர்.

வன்பொருள் முகவரி தகடாகப் பிறந்தது. ஒரே கம்பியில் தொங்கும் எந்திரங்களுள் இச்செய்தி எதற்கு உரியது என்று பிரித்தறிய மட்டும், 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான ஈதர்நெட்டின் வழியே அது வந்தது. நாளடைவில் ரேகையாக்கப்பட்டது. 1999இல் மெலிஸா நச்சுநிரல் பரவியபோது, வேர்ட் கோப்புகளுக்குள் எழுதியவரின் கணினியின் ஈதர்நெட் முகவரி அடங்கிய அடையாள எண் ஒளிந்திருப்பது பரவலாகத் தெரியவந்தது. எழுதியவர் அறியாமல், ஒவ்வோர் ஆவணத்திலும் எந்திரத்தின் ரேகை. அதே ஆண்டு இன்டெல் தன் பென்டியம் 3 சில்லுக்கு மென்பொருளால் படிக்கக்கூடிய வரிசை எண் இட்டது. புறக்கணிப்பு இயக்கம் எழுந்தது. அடுத்த தலைமுறைச் சில்லில் அது இராது என்று 2000இல் நிறுவனம் பின்வாங்கியது. 2013இல் லண்டன் நகரின் தெருவோரக் குப்பைத் தொட்டிகள் சில, கடந்து செல்வோரின் கைப்பேசி முகவரிகளைக் குறித்துக்கொண்டிருந்தது வெளிப்பட்டு, நகராட்சி தலையிட்டு நிறுத்தியது.

இவற்றுக்கெல்லாம் பிறகு கைப்பேசிகளே ஒருவகை வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டன. 2013இல் ஐஓஎஸ் ஏழாம் பதிப்பும், 2015இல் ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பும், வன்பொருள் முகவரியைக் கேட்கும் செயலிகளுக்கு 02:00:00:00:00:00 என்ற ஒரே விடையைத் தரத் தொடங்கின. அந்த 02 தற்செயலன்று. ‘இருக்குமிடத்தில் இட்டுக்கொண்ட பெயர்’ என்று மேலே சொன்ன பிட் ஏறிய மதிப்பே அது. உலகத்துக் கைப்பேசிகள் எல்லாம் கேட்டவனிடம் ஒரே பெயரைச் சொல்கின்றன. அண்மைக்காலப் பதிப்புகள் ஒவ்வொரு வைஃபை பிணையத்துக்கும் வெவ்வேறு முகவரியைச் சூடிக்கொள்கின்றன. ஒரு சுரங்கத்தில் முனுசாமி, அடுத்த சுரங்கத்தில் கோவிந்தன்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னும் இந்த எண்ணை விடாமல் பற்றிக்கொண்டிருப்பவை கல்வி நிறுவனங்கள். விடுதி வைஃபைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் பதிவெண், துறை, கைப்பேசி எண், அடுத்ததாக மேக் முகவரி என்ற கட்டம் பல வளாகங்களில் இன்றும் உண்டு. கைப்பேசி தன் முகவரியை மாற்றிக்கொள்வதால் இணைப்பு அறுகிறது. மாணவர் கணினி மையத்துக்கு அலைகிறார். அங்கே அவருக்குச் சொல்லப்படும் தீர்வு, கைப்பேசியில் அந்தத் தனியுரிமை அமைப்பை அணைத்துவிடு என்பதாகும். பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்தும் வளாகமே பாதுகாப்பைக் கழற்றச் சொல்கிறது.

இந்த எண்ணை ஆளோடு ஒன்றாக்கும் பழக்கத்துக்கு மிகக் கனமான எடுத்துக்காட்டு ஆரன் ஸ்வார்ட்ஸ். 2010இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பிணையத்திலிருந்து ஜேஸ்டோர் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியபோது, அவருடைய மடிக்கணினியின் வன்பொருள் முகவரி தடை செய்யப்பட்டது. அவர் அதை மாற்றிக்கொண்டார். 2011இல் தாக்கலான குற்றப்பத்திரிகை அம்மாற்றத்தை ஏய்ப்பின் சான்றாக எடுத்துரைத்தது. கட்டளைத் திரையில் ஒரு வரி தட்டிப் பெயர் மாற்றிக்கொள்வதைத்தான், இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகள் நாள்தோறும் யாரும் கேளாமலே செய்கின்றன. 2013 ஜனவரியில் ஸ்வார்ட்ஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வழக்கின் சரி தவறுகள் விரிவானவை. இங்கே தேவையானது ஒரு சிறு விவரம். பயன்படுத்தியவர் யார் என்பதை எந்த முகவரியும் காட்டித் தரவில்லை. கம்பிகள் வந்து சேரும் அறையில் மறைத்து வைத்த ஒளிப்படக்கருவிதான் காட்டியது. ‘யார்’ என்பதற்கு முகமே விடையாக இருந்தது.

கள ஆய்வாளருக்கு இது இன்னும் அருகிலுள்ள சிக்கல். மொழித் தொடர்பு, இடப்பெயர்வு, நலவாழ்வு என எதை ஆராய்பவரும் இன்று தாளில் படிவம் நிரப்புவதில்லை, கைப்பேசியில் நிரப்புகிறார்கள். பல ஆய்வுக் குழுக்கள் ஒரு கைப்பேசியைத் தகவல் தருநரிடமே கொடுத்துச் சில நாள் வைத்திருக்கச் சொல்கின்றன, அல்லது அவருடைய கைப்பேசியிலேயே செயலியை நிறுவுகின்றன. சேகரித்த ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் கருவியின் அடையாளம் ஒன்று தானாகப் பதிகிறது. பெயரை நீக்கி, ஊரைப் பொதுமைப்படுத்தி, ‘அடையாளம் நீக்கப்பட்ட தரவு’ என்று களஞ்சியத்தில் ஏற்றும்போது அந்தக் கட்டம் அப்படியே கிடக்கிறது. அதைவிட நுண்ணிய ஒரு வழியும் உண்டு: யூயூஐடி எனப்படும் தனித்த அடையாள எண்ணின் முதல் வகை, அதை உண்டாக்கிய கணினியின் முகவரியையும் உண்டாக்கிய நேரத்தையும் உள்ளடக்கியே அமைக்கப்படுகிறது. கோப்புகளுக்குப் பெயரிட அந்த வகையைப் பயன்படுத்திய ஆய்வாளர், எந்தக் கணினியில் எந்த நொடியில் அக்கோப்பு உருவானது என்பதைப் பெயரிலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார். நான்காம் வகை வெறும் சீரற்ற எண். ஒன்றுக்குப் பதில் நான்கு என்று மாற்ற நிரலில் ஓர் எழுத்துப் போதும்.

2023ஆம் ஆண்டின் மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இனங்காண உதவும் எத்தரவையும் தனிநபர் தரவு என்றே கொள்கிறது. பதிவெண்ணுக்குப் பக்கத்தில் எழுதிய வன்பொருள் முகவரி அதற்குள் அடங்கும் என்பதில் ஐயமில்லை. ஆய்வுக்கு அச்சட்டம் சில நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது என்பதும் மெய். ஆயினும் அது சட்டத்திலிருந்து விலக்கு; தகவல் தந்தவருக்குக் கொடுத்த வாக்கிலிருந்து விலக்கன்று.

எதிர்வாதங்களுள் வலுவானது ஒன்றே. பிணையத்தை நடத்துபவர்க்கு இந்த எண் மெய்யாகவே தேவை: பழுதாகிப் பொதிகளை வாரி இறைக்கும் அட்டை எந்த அறையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், அச்சுப்பொறிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கவும், இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கவும் அது இன்றியமையாதது. இவற்றை மறுக்க வேண்டியதில்லை. இவை அனைத்தும் ‘எது’ என்ற கேள்விகள். ‘எது’ என்ற விடைக்கு இந்த எண் தகுதியானது. ‘யார்’ என்று கேட்க வேண்டுமானால் அதற்குரிய வழி வேறாக இருக்கிறது. தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் எடுரோம் முறையை இந்தியாவில் எர்நெட் நடத்திவருகிறது. அதில் ஆள் மடிக்கணினியை மாற்றினாலும் ஆளாகவே இருக்கிறார், மடிக்கணினி கைமாறினால் அது வெறும் மடிக்கணினியாகிறது. உரிமம் சரிபார்க்கும் மென்பொருளுக்கோ, நிறுவும்போது ஒரு சீரற்ற எண்ணை உண்டாக்கி வைத்துக்கொள்வதே போதும். கள ஆய்வில் பரவலாகப் பயன்படும் ஓடிகே செயலி இதைத்தான் செய்தது. முன்பு கருவியின் சொந்த எண்ணை விடையோடு பதிந்துகொண்டிருந்த அது, இப்போது நிறுவல் ஒவ்வொன்றுக்கும் புதிதாக உண்டாக்கிய எண்ணைப் பதிகிறது. செயலியை நீக்கினால் அவ்வெண்ணும் நீங்கும். கழற்றி வைக்கக்கூடிய தகடு.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. சயனைடு மண்மேடுகள் மிஞ்சின. அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவு திரும்புகிறார்கள்; வாயிற்காவலராகவும் கட்டடத் தொழிலாளராகவும் சிலர், கணினித் திரைமுன் சிலர். துரப்பணம் பிடித்துத் தேய்ந்த விரல்களோடு ஓய்வுபெற்ற பெரியவர்கள், ரேகை பதியவில்லை என்று கருவி உதறும்போது மறுபடி மறுபடி விரலைத் துடைத்து வைக்க வேண்டியிருக்கிறது. உடலுழைப்பால் ரேகை தேய்வது நாடெங்கும் நியாயவிலைக் கடைகளில் அறியப்பட்ட சிக்கல். ஆதார் வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கக் காரணமான மனுவை அளித்த புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. அத்தீர்ப்புக்கு எண்பத்தேழு ஆண்டு முன்னரே, வழக்கறிஞரின்றிச் சங்கமின்றி, அதே மைசூர் மண்ணில் இக்கேள்வி எழுப்பப்பட்டிருக்கிறது என்பதை அரசியல் சட்டம் கற்பிக்கும் வகுப்புகளில் யாரும் குறிப்பிடுவதாகத் தெரியவில்லை.

மேக் முகவரி என்ற கட்டத்தை விண்ணப்பப் படிவத்தில் சேர்க்கும் துறைத்தலைவர், அதன் எதிரே இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்க்கலாம். இது எதற்குத் தேவை, எந்த நாளில் அழிக்கப்படும். அவ்விரண்டையும் நிரப்ப வேண்டியவர் விண்ணப்பிக்கும் மாணவர் அல்லர், துறைத்தலைவர். அவரால் நிரப்ப இயலாவிட்டால் முதல் கட்டத்தையும் அடித்துவிட்டுப் படிவத்தை அச்சுக்கு அனுப்பலாம்.